அம்மாவின் தோடும் மகனின் 150 சிசியும்

வந்தாறுமூலை வளாகத்துக்குப் புதிதாக வருகிற தம்பியிடம் சீனியர்மார் கேட்கிற கேள்விகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. எந்த ஊர்? என்ன பாடம்? பைக் இருக்கா? இருக்கு எண்டு சொன்னால் நாலாவது கேள்வி வரும்: "எத்தின சிசி?" நூறு எண்டு பதில் வந்தால் ஒரு சிரிப்பு. பெரிய சிரிப்பு இல்லை, வாயோரத்தில் வந்து போகிற சின்னச் சிரிப்பு. இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிரானது.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கலைப்பீடம், மூன்றாம் வருடம். இரண்டு பேர் பெண்கள். ஒருவர் படுவான்கரை, மற்ற மூவரும் எழுவான்கரை. எங்களில் ஒருவர் அந்தச் சிரிப்பைப் பலமுறை சிரித்தவர். இன்னொருவர் அந்தச் சிரிப்புக்குப் பயந்து, வீட்டில் சண்டை பிடித்து 150 எடுத்தவர். ஆகவே இதை மேலே நின்று சொல்கிற புத்திமதி எண்டு எடுக்க வேண்டாம்.

எங்கட பெட்ச்சில் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் புது பைக் எடுத்தான். அதற்கு முன்னர் அவன் ஓடியது சைக்கிள், இடைக்கிடை மாமாவின் பழைய வண்டி, அவ்வளவுதான். லைசன்ஸ் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முற்பணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, மிச்சம் லீசிங். மாசி மாதம், பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த நேரம், படுவான்கரை றோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. அவன் நெல்லுக்கு மேலே வைத்து முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். நெல்மணி எண்டால் டயருக்குக் கீழே குண்டுமணி மாதிரி. காறை எலும்பு முறிந்தது. ஒரு செமஸ்டர் சோதனை போனது. கையில் கட்டோடு வாட்டில் படுத்திருந்தவனுக்கு மூன்றாம் நாள் வந்த அழைப்பு பினான்ஸ் கம்பனியில் இருந்து: "தம்பி, இந்த மாசத் தவணை இன்னும் வரல்ல."

ஊர் அதற்கு வழக்கமான விளக்கங்களைச் சொன்னது. நாவூறு. கூடாத நேரம். நெல் போட்டவன் பிழை, மாட்டுக்காரன் பிழை. றோட்டில் நெல் போடுவது பிழைதான், அதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தப் பின்னேரத்துக்கு ஆறு மாதம் முன்னரே ஒரு பிழை நடந்துவிட்டது. ஷோரூமில், நாலு கூட்டாளிமார் சுற்றி நிற்க, "மச்சான், எடுக்கிறதெண்டா ஒரேயடியா பெருசா எடு, மறுகா மாத்த ஏலா" எண்டு சொல்லப்பட்டபோது நடந்த பிழை அது. சொன்ன நாலு பேரில் எங்களில் ஒருவரும் நின்றார்.

"மறுகா மாத்த ஏலா"

இந்த ஒரு வசனம்தான் எங்கட ஊரில் முதல் பைக்கைத் தெரிவு செய்கிறது. கேட்கும்போது சிக்கனமான புத்தி மாதிரியே இருக்கும். இரண்டு முறை வாங்குவதை விட ஒருமுறை நல்லதாக வாங்கு எண்டு. நாங்கள் சொல்கிறோம், இது தலைகீழான புத்தி. முதல் பைக் என்பது விழுவதற்கும் பிழை விடுவதற்குமான பைக். கிளச்சை எப்போது விடுவது, மணலில் எப்படிக் கிறுகுவது, மழையில் பிரேக்கை எவ்வளவு தொடுவது எண்டு கை பழகும் வரைக்கும் நீங்கள் பிழை விடத்தான் போகிறீர்கள். அந்தப் பிழையை 110 கிலோ வண்டியில் விடுவதா, 145 கிலோ வண்டியில் விடுவதா என்பதுதான் கேள்வி.

ஸ்ப்ளெண்டர், சிடி100 மாதிரியான நூறு சிசி வண்டிகள் ஏறக்குறைய 110 கிலோ. பல்சர் 150 ஏறக்குறைய 145 கிலோ. முப்பத்தைந்து கிலோ வித்தியாசம். நேராக ஓடும்போது இது தெரியாது. நிற்பாட்டும்போது, மண் றோட்டில் திருப்பும்போது, பின்னுக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு சரிவில் கால் ஊன்றும்போது தெரியும். அரைச் சாக்கை விடப் பாரமான அரிசியை ஒரு பக்கமாகக் கட்டிவிட்டு நட எண்டு சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டு காலும் நிலத்தில் முழுசாகப் பதிகிற வண்டி, விழப் பார்த்தால் தனியாகத் தாங்கிப் பிடிக்கக்கூடிய வண்டி: பழகுகிறவருக்கு முதல் இலக்கணம் இதுதான். ஷோரூமில் யாராவது இதைச் சோதித்துப் பார்த்ததைக் கண்டிருக்கிறீர்களா? நாங்கள் காணவில்லை. கண்ணாடி முன்னால் ஏறி இருந்து படம் எடுப்பதைத்தான் கண்டிருக்கிறோம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 40 கிலோமீற்றரில் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரத்தை விட, 80 இல் தேவையான தூரம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. அதற்கு முன்னர், மாட்டைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் எடுத்தால், 80 இல் அந்த ஒரு செக்கனுக்குள் வண்டி 22 மீற்றர் போய்விடும். பழகாத கைக்கு ஒரு செக்கன் போதாது. எங்கட சட்டத்தில் மோட்டார் சைக்கிளுக்கு ஊருக்குள் 50, வெளியே 70. நூறு சிசி வண்டி இரண்டையும் தாராளமாக எட்டும். மிச்ச வேகம் எதற்கு? கல்லடிப் பாலத்தில் இரவு பத்து மணிக்கு யாருக்கோ காட்டுவதற்கு.

நாங்கள் சிசியைக் கேட்கிறோம், பிரேக்கைக் கேட்பதில்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் தொடக்கம் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம், 125 வரை உள்ளவற்றுக்கு இரண்டு சில்லும் சேர்ந்து பிடிக்கிற சிபிஎஸ் ஆவது வேண்டும். ஏபிஎஸ் எண்டால் பிரேக்கைப் பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் சில்லு பூட்டுப்படாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. பயத்தில் இறுக்கிப் பிடிப்பது யார்? புதிதாகப் பழகுகிறவர். அப்ப இது யாருக்கு வேண்டும்? ஆனால் செகண்ட் ஹேண்டில் பழைய 150 தேடுகிற எங்கட தம்பிமார் கேட்பது நிறத்தையும் சைலன்சர் சத்தத்தையும்.

வாவி கேட்கிற வண்டி

யூரியூபில் பார்க்கிற ரிவியூக்கள் சென்னையிலும் பெங்களூரிலும் எடுத்தவை. அந்த றோட்டு வேறு, எங்கட றோட்டு வேறு. மட்டக்களப்பில் வண்டி எடுக்கிறவர் ரிவியூவை விட வாவியை நம்பலாம்.

குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் பாதையில் பைக் ஏற்றியவர்களுக்குத் தெரியும், ஆடுகிற பலகையில் பாரமான வண்டியைத் தள்ளி ஏற்றுவது எப்படி எண்டு. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் கொக்கட்டிச்சோலைச் சனத்துக்கும் அதே பாடுதான். மார்கழியில் கிரான் பக்கம் றோட்டுக்கு மேலால் தண்ணி ஓடும். உப்புக் காத்து செயினையும் றிம்மையும் தின்னும், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற எழுவான்கரையில் இது இன்னும் மோசம். வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கம் பொழுது பட்டால் லைட் இல்லாத றோட்டு, சில நாள் யானை. மண் ஏத்துற மெஷின்கள் கொட்டிவிட்டுப் போன மணல் வளைவுகளில் கிடக்கும்.

இந்த நிலத்துக்கு என்ன வண்டி பொருந்தும்? பாரம் குறைந்தது. மெல்லமாய் ஓடினாலும் அணையாதது. ஊர்க் கராஜில் அண்ணாமார் கண்ணை மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டக்கூடியது. சாமான் களுவாஞ்சிக்குடியிலும் செங்கலடியிலும் கிடைக்கக்கூடியது. வயலுக்குப் போகிற அப்பாமார், மீன் பெட்டி கட்டுகிற மாமாமார் எல்லாரும் நூறு சிசி வண்டியை ஏன் வைத்திருக்கிறார்கள்? வசதி இல்லாமல் மட்டும் இல்லை. இந்த றோட்டை அவர்கள் எங்களை விட நல்லாகப் படித்திருக்கிறார்கள்.

2022 ஐ மறந்துவிட்டோமா? அந்த ஆனியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. கியூஆர் வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். டவுனில் இருந்து வந்தாறுமூலை ஏறக்குறைய 16 கிலோமீற்றர், போய்வர 32, ஐந்து நாளைக்கு 160. லீற்றருக்கு அறுபது அளவில் ஓடுகிற நூறு சிசி வண்டிக்கு அந்த நாலு லீற்றரில் கம்பஸ் போய் வந்தும் எண்பது கிலோமீற்றர் மிச்சம். நாற்பது ஓடுகிற 150 க்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் டாங்க் காய்ந்துவிடும். அந்த நாட்களில் நூறு சிசிக்காரரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. "மச்சான், என்னையும் ஏத்து" எண்டுதான் கேட்டார்கள்.

யாருடைய வண்டி?

இப்ப காசுக்கு வருவோம். உண்மையான கோபம் எங்களுக்கு இதில்தான்.

2007 இல் கிழக்கில் சண்டை ஓய்ந்தது, 2009 இல் போர் முடிந்தது. அதற்குப் பிறகு எங்கட பிரதான வீதிகளில் தொழிற்சாலை வந்ததை விட வேகமாக லீசிங் பலகைகள் வந்தன. சோதனைச் சாவடிகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போன தலைமுறைக்கு, நிற்காமல் ஓடுகிற பைக் ஒரு விடுதலையாகத்தான் தெரிந்திருக்கும். அதை நாங்கள் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த ஆசைக்கு யார் விலை போட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். கடன் 4 இலட்சம். "பதினைந்து வீத வட்டிதான் தம்பி" எண்டு சொல்கிறார்கள். மூன்று வருடம். ஃபிளாட் எண்டு சொல்கிற முறையில் வட்டி 1 இலட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 5 இலட்சத்து 80 ஆயிரம், மாதத் தவணை ஏறக்குறைய 16,100. நீங்கள் மாதா மாதம் கடனைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழு 4 இலட்சத்துக்கும் போடப்படுகிறது. மிச்சக் கடனுக்கு மட்டும் வட்டி எண்டு கணக்குப் பார்த்தால் இது வருடத்துக்கு 26 வீதத்துக்குக் கிட்ட வரும். பதினைந்து எங்கே, இருபத்தாறு எங்கே? கையெழுத்து வைக்கும் முன்னர் "ஃபிளாட்டா, குறைந்துசெல்லும் மீதிக்கா?" எண்டு கேட்கிற ஒரு பிள்ளையைக் காட்டுங்கள் பார்ப்போம். பொருளியல் படிக்கிற எங்கட ஆட்களே கேட்பதில்லை.

மஹாபொல 5,000 ரூபாயாக இருந்து 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கப்பட்டது. அந்த 7,500 கணக்கில் இரண்டு மாத மஹாபொலவைச் சேர்த்தாலும் அந்த ஒரு தவணை வராது. அப்ப யார் கட்டுகிறார்கள்? வீட்டுக்கு வீடு பதில் ஒன்றுதான். அம்மா. சீட்டுப் பிடித்து, தோட்டை வைத்து, மத்திய கிழக்கில் இருக்கிற அக்காவிடம் கேட்டு. இந்தப் பக்கத்துப் பெண்கள் நுண்கடனால் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை, நிபந்தனைகளோடு என்றாலும், அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வர வேண்டிய அளவுக்கு அது போனது. அந்தக் கடன் கிழமைக் கூட்டங்களில் அவமானப்பட்டு எடுத்த கடன். அதே அம்மாவின் தலையில் இப்போது மகனின் சிசியும் ஏறுகிறது.

இன்னொரு விஷயம். லீசிங் முடியும் வரைக்கும் வண்டிப் புத்தகத்தில் முழு உரிமையாளர் எண்டு இருப்பது பினான்ஸ் கம்பனியின் பெயர். தவணை பிந்தினால் சீஸ் பண்ண வருவார்கள். அதாவது, "என்ட பைக்" எண்டு டாங்கில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாயே தம்பி, அது உன்ட இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகளின் விலை வாங்கின விலைக்கு மேலே போனது. பலர் அந்த உச்ச விலைக்குக் கடன் எடுத்தார்கள். விலை மாறினாலும் கடன் மாறாது.

"ஸ்கூட்டி பொம்பளப்புள்ளைகளுக்கு"

எங்களில் இரண்டு பேர் பெண்கள் எண்டு சொன்னோம். அவர்கள் இருவரும் ஸ்கூட்டி ஓடுகிறார்கள். ஒருவருக்கு அது கிடைக்க இரண்டு வருடம் எடுத்தது. "பொம்பளப்புள்ள பைக் ஓடி எங்க போகப் போகுது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே அந்த இரண்டு வருடமும் போனது. அதே வீட்டில் தம்பிக்கு ஓஎல் முடிந்த கையோடு வண்டி பற்றிய பேச்சுத் தொடங்கியது, எங்கே போகப் போகிறாய் எண்டு ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் கவனியுங்கள். எங்கட அக்காமார், தங்கச்சிமார் முதல் வண்டியாக எடுப்பது என்ன? தொண்ணூறு, நூறு கிலோ அளவான, கால் எட்டுகிற, கியர் இல்லாத ஸ்கூட்டர். ஓடத் தெரியாமல் றோட்டுக்கு வந்தால் ஊரே சிரிக்கும் எண்டு தெரிந்து, மைதானத்தில் பழகி, லைசன்ஸ் எடுத்துவிட்டு வருகிறார்கள். ஹெல்மெட் பட்டி போடுகிறார்கள். பழகுகிற ஒருவர் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் சமூகத்தின் பயத்தால் பெண்கள் செய்கிறார்கள். சமூகத்தின் சிரிப்புக்குப் பயந்து ஆண்கள் அதை எல்லாம் விட்டுவிடுகிறார்கள். ஸ்கூட்டர் ஒரு ஆணுக்கும் நல்ல முதல் வண்டி எண்டு சொன்னால் எங்கட பீடத்தில் என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறோம். அதோடு, வீட்டில் ஒரே வண்டிதான் வாங்க முடியும் எண்டால் அக்காவும் தம்பியும் இருவரும் ஓடக்கூடிய வண்டியை வாங்குங்கள். 150 வாங்கினால் அது ஒருவருடைய வண்டி. மற்றவர் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.

பஸ்ஸைப் பற்றி

இங்கே எங்களுக்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி வரும். "பைக்கே வேணாம் எண்டு சொல்றீங்களா? படுவான்கரைக்குப் பின்னேரம் பஸ் எத்தின மணிக்கு எண்டு தெரியுமா?" தெரியும். எங்களில் ஒருவர் அந்த பஸ்ஸைத் தவறவிட்டு உறவுக்காரர் வீட்டில் தங்கிய இரவுகள் உண்டு. பஸ் இல்லாத ஊரில் பைக் ஆடம்பரம் இல்லை, கால் மாதிரி. அதனால்தான் சொல்கிறோம்: காலுக்கு அளவான செருப்பைப் போடு. பஸ் இல்லாத குறையை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் கடன் எடுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது என்பதே ஒரு அநியாயம். அதற்கு மேலே ஐம்பது சிசியைப் பெருமைக்காகச் சேர்த்துக் கட்டுவது எங்களுக்கு நாங்களே செய்கிற அநியாயம். பின்னேர பஸ்ஸுக்காக ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கினால் எத்தனை பேர் போடுவோம்? ஷோரூமுக்குக் கூட வந்த நாலு பேரும் போடுவோமா?

நாங்கள் கேட்பது

முதலில் லைசன்ஸ், பிறகு வண்டி. ஏ1 எண்டால் நூறு சிசி வரை, ஏ எண்டால் அதற்கு மேல். எல் போர்ட்டைக் கழட்டி வீசிவிட்டுக் கடற்கரை றோட்டில் பழகுவது பழக்கம் இல்லை.

கையில் இருக்கிற முழுக் காசையும் வண்டிக்குப் போடாதீர்கள். முதலில் ஹெல்மெட்டுக்கு எடுத்து வையுங்கள், எஸ்எல்எஸ் முத்திரை உள்ளது, இரண்டு. பின்னுக்கு இருப்பவருக்கும் தலை இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2008 கொக்ரேன் மீளாய்வு, ஹெல்மெட் மரண ஆபத்தை 42 வீதமும் தலைக்காய ஆபத்தை 69 வீதமும் குறைக்கிறது எண்டு சொல்கிறது. பொலிஸைக் கண்டு தலையில் கவிழ்க்கிற, பட்டி அறுந்த ஹெல்மெட்டுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

செகண்ட் ஹேண்ட் எடுங்கள். நூறு அல்லது நூற்றிருபத்தைந்து. பார்க்கப் போகும்போது கூட்டாளிமாரைக் கூட்டிக்கொண்டு போகாமல் கராஜ் அண்ணா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு ஒரு ஐந்நூறு, ஆயிரம் கொடுத்தாலும் நட்டம் இல்லை. சேஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். முழு உரிமையாளர் இடத்தில் கம்பனிப் பெயர் இருந்தால் அது தீர்க்கப்பட்டதா எண்டு பாருங்கள். ஓபன் பேப்பரில் வாங்கி வருடக்கணக்காக வைத்திருக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, அடிச் சட்டத்தில் உப்புத் துரு ஏறியிருக்கிறதா எண்டு குனிந்து பாருங்கள். மேலே பெயின்ட் மினுங்குவதைப் பார்க்க எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு வருடம் ஓடுங்கள். மறுகா மாத்த ஏலும். பழைய நூறு சிசிக்கு எங்கட ஊரில் எப்போதும் ஆள் இருக்கிறது. உங்கட உழைப்பில், உங்கட பெயரில் 150 எடுக்கும் நாளில் நாங்களே வந்து ஷோரூமில் படம் எடுத்துத் தருகிறோம்.

எங்கட கூட்டாளியின் பைக்கைக் கடைசியில் கம்பனி எடுத்துக்கொண்டது. இப்ப அவன் மாமாவின் அதே பழைய வண்டியில் வருகிறான். கை முழுசாக மேலே உயராது. தோடு இன்னும் அடகில்தான். போன மாதம் பார்க்கில் வைத்து யாரோ ஒரு தம்பி, விஷயம் தெரியாமல், அந்த வண்டியைப் பார்த்து அதே சிரிப்புச் சிரித்தான். எங்களில் ஒருவர் போய் அவனிடம் கேட்டார்: "தம்பி, உங்கட வண்டி முன் பிரேக் எப்பிடிப் பிடிக்குது? லைசன்ஸ் ஏயா, ஏ1ஆ? தவணை யாரு கட்டுறாங்க?"

முதல் இரண்டுக்கும் அவன் பதில் சொன்னான். மூன்றாவதுக்குக் கீழே பார்த்துக்கொண்டு நின்றான்.